தலை தட்டி அளந்த மரக்கால்

இரண்டு பேரும் நல்லவர்களாக இருந்து தொலைத்தால் ஒரு விகடக்காரி யாரைப் பார்த்துச் சிரிப்பாள்?

சிலம்பாயி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அரசவைத் தூணில் தோளைச் சாய்த்து நின்றபடி மனத்துக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தாள். ஒருவர் அயோக்கியராக இருந்தால் வேலை சுலபம். மூக்கைப் பிடித்து ஆட்டிவிட்டுப் போய்விடலாம். எதிரே கத்திக்கொண்டிருந்த இருவரிடமும் அப்படிப் பிடிக்க ஒரு மூக்கு அகப்படவில்லை.

முன்னொரு காலத்தில், இன்ன ஆற்றங்கரை என்று பெயர் சொன்னால் இன்றைக்கும் இரண்டு ஊர்க்காரர்கள் உரிமை கொண்டாடிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விட்ட ஒரு நாட்டில் நடந்தது இது. அந்த நாட்டை முன்பு ஆண்டவன் விளைச்சலில் பாதியைப் பிடுங்கினான். பொறுக்க முடியாமல் சில தலைவர்கள் ஒன்றுகூடி அவனைத் துரத்திவிட்டு வேறொருவரை அரசராக்கினார்கள். பட்டம் கட்டிய அன்று எல்லோரும் ஒரே குத்துவிளக்கின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள்: விளைச்சலில் ஆறில் ஒன்று, அதற்கு மேல் ஒரு மணி நெல்லும் அரசாங்கத்துக்குக் கிடையாது. அதனால் அவர்களுக்கு ஆறிலொன்றார் என்றே பெயர் நிலைத்தது. இப்போது ஆள்வது அன்றைய அரசரின் மகன். சபை இன்னும் ஆறிலொன்றார் கையில்தான். ஆனால் ஆறிலொன்றார் இப்போது இரண்டாகப் பிளந்து நின்றார்கள்.

காரணம் பெரிய ஏரி. அதன் கரை மதகுப் பக்கம் உள்வாங்கிவிட்டது. ஐப்பசி மழைக்குள் கல் போட்டு இறுக்காவிட்டால் கீழே இருக்கும் ஊர்கள் மிஞ்சாது. வேலை செய்பவர்களுக்கு நெல் வேண்டும். அரண்மனைக் களஞ்சியத்தில் அவ்வளவு இல்லை.

“இந்த ஒரு போகத்துக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாக வாங்கிக்கொள்வோம் என்கிறேன். மக்களிடம் எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்” என்றார் ஏகாம்பரனார். அவருக்குக் கனிந்த குரல். எந்தச் சண்டையிலும் நடுவே ஒரு பாய் விரித்து உட்காரச் சொல்கிற குரல்.

“இந்த ஒரு போகத்துக்கு என்றுதான் அந்தப் பழைய ராஜாவும் தொடங்கினான்” என்றார் மழவராயர். முதுகு வளையாத மனிதர். அவர் சிரித்து அவர் மனைவிகூடப் பார்த்ததில்லை என்று அரண்மனையில் பேச்சு. “ஏகாம்பரம், அன்றைக்கு விளக்கின் மேல் என் கைக்குப் பக்கத்தில் இருந்த கை உன்னுடையதுதானே?”

“என்னுடையதுதான். போன தடவை ஏரி உடைந்தபோது சேற்றிலிருந்து பிள்ளைகளை இழுத்துக் கரையில் கிடத்தியதும் இதே கைதான். சத்தியம் அந்தப் பிள்ளைகளை எழுப்பவில்லை, அண்ணா.”

மழவராயர் மெல்லச் சொன்னார்: “எங்கள் களத்தில் பதரைக்கூட விடாமல் கூட்டி அள்ளிக்கொண்டு போனார்கள். என் தாயார் அந்த வெறுங்களத்தில் உட்கார்ந்து மண்ணைப் புடைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை.”

இப்படியே பல நாட்களாக நடந்துகொண்டிருந்தது. சபையில் பாதிப் பேர் இந்தப் பக்கம் தலையாட்ட, மீதிப் பேர் அந்தப் பக்கம் தலையாட்ட, நடுவில் உட்கார்ந்திருந்த அரசருக்கு இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது.

“யாராவது இதற்கு ஒரு முடிவு சொல்லுங்களேன்” என்றார் அரசர் கழுத்தைத் தடவியபடி.

அம்பலவாணக் கவிராயர் எழுந்தார். அரசவைப் புலவர். முன்பெல்லாம் அரசர் உணவு முடிந்ததும் அவர் பாட்டைக் கேட்டுத் தூங்குவார். சிலம்பாயி வந்த பிறகு அரசர் தூங்குவதே இல்லை. அவளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சிரிக்கிறார். அவளோ கூத்தில் கோமாளி வேஷம் கட்டியவரின் மகள். அப்பாவுக்குப் பிறகு வேஷம் கட்ட ஆண்பிள்ளை இல்லாததால் தானே தலைப்பாகை சுற்றிக்கொண்டு ஆடியவள். ஒரு திருவிழாவில் அரசர் கண்ணில் பட்டு அரண்மனைக்கு வந்துவிட்டாள். கவிராயருக்கு இது நெஞ்சில் சிக்கிய மீன் முள்.

“மன்னர்பிரானே” என்று தொடங்கினார். “வரி கொடுக்கிறவன் அழுவான் என்பதால் மழவராயர் வேண்டாம் என்கிறார். அழுகை சீக்கிரம் ஓய்ந்துவிடும் என்பதால் ஏகாம்பரனார் வேண்டும் என்கிறார். கொடுக்கிறவன் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டால் இருவருக்குமே வழக்கு இல்லை அல்லவா? அழுகிறவனைச் சிரிக்க வைப்பதற்கென்றே அரண்மனைச் சோறு தின்றுகொண்டு ஓர் அம்மாள் இங்கே நிற்கிறார்.”

அரசர் தொடையில் தட்டினார். கழுத்து வலிகூட மறந்துபோயிற்று. “பேஷ்! சிலம்பாயி, கேட்டாயா? ஆறில் ஒன்று போக, அதற்கு மேலும் ஒரு குடியானவன் சிரித்துக்கொண்டே எனக்கு நெல் கொடுக்க வேண்டும். அதை என் கண்ணால் நான் பார்க்க வேண்டும்!”

“பார்த்துவிட்டால் ஒப்புக்கொள்கிறேன்” என்றார் மழவராயர், அது நடக்காது என்ற உறுதியில். ஏகாம்பரனார் சிலம்பாயியைப் பார்த்துப் பிரியமாகத் தலையசைத்தார். அவளால் முடியும் என்று உண்மையிலேயே நம்பினார்.

“முடியாவிட்டால் அம்மாள் கூத்துக் கொட்டகைக்கே திரும்பிவிடலாம்” என்று கவிராயர் வெல்லம் தடவிய குரலில் தொடர்ந்தார். “முடிந்துவிட்டாலோ, இன்னும் விசேஷம். வரி தண்டப் போகும் சேவகர்களோடு அம்மாளையும் களம் களமாக அனுப்பிவிடலாம். ஒருவனைச் சிரிக்க வைத்தவருக்கு ஊரைச் சிரிக்க வைப்பது பெரிய காரியமா?”

சிலம்பாயி மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

தோற்றால் கொட்டகை. அது பெரிதில்லை, தலைப்பாகை இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. ஜெயித்தால்தான் ஆபத்து. சேவகன் கையில் கம்பு இருக்கும், பக்கத்தில் இவள் இருப்பாள். இவள் சிரிக்க வைப்பாள், அவன் அள்ளுவான். அதற்குப் பிறகு எந்த ஊரில் இவள் வாயைத் திறந்தாலும் ஜனங்கள் சாக்கை இறுக்கிக் கட்டுவார்கள். அவளிடம் இருந்த ஒரே சொத்து அந்த வாய்தான். அதை யார் வீட்டு வேலைக்கும் அனுப்பக்கூடாது என்று இத்தனை காலம் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

ஆனாலும் முகம் தன் பாட்டுக்குச் சிரித்தது. அது பழகிய முகம்.

“உத்தரவு மகாராஜா. ஒரே ஒரு வேண்டுதல். தாங்களும், பெரியவர்கள் ரெண்டு பேரும், கவிராயரும் களத்துக்கே வரணும். சிரிப்பு பழைய சோறு இல்லீங்க, சட்டியில மூடி எடுத்துட்டு வர்றதுக்கு.”

அரசர் அதற்கே சிரித்துவிட்டார்.

ஏரிக்கரைக்கு நேர் கீழே ஒண்டியப்பன் என்ற குடியானவனின் களம். ஆவணி அறுவடை முடிந்து நெல் தூற்றிக் குவித்திருந்தது. அரசர் வருகிறார் என்று சொன்னதும் ஒண்டியப்பனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவன் மனைவி, பொலி என்று சொல்லும் அந்தக் குவியலுக்குச் சாணிப் பிள்ளையார் வைத்து அருகம்புல் செருகிவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நின்றாள். பக்கத்துக் களத்துக்காரர்களும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். பந்தலில் அரசர் அமர்ந்தார். ஒரு பக்கம் மழவராயர், மறுபக்கம் ஏகாம்பரனார், பின்னால் கவிராயர்.

அளவுகாரர் சின்னாண்டி, நெல் அளக்கும் மரக்காலைக் கும்பிட்டுக் கையில் எடுத்தார். ஐந்து மரக்கால் குடியானவன் பக்கம், ஆறாவது அரசர் பக்கம், மறுபடி ஐந்து, மறுபடி ஒன்று. அப்படித்தான் களத்தில் பிரிப்பது. முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்லமாட்டார்கள்.

“லாபம்” என்று பாடினார் சின்னாண்டி. “ரெண்டேய்...”

சிலம்பாயி, போரடித்து முடித்து ஒரே தும்பில் பிணைந்து நின்ற இரண்டு மாடுகளிடம் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஒன்று அசையாமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தது. மற்றொன்று பக்கத்தில் யார் போனாலும் தலையை அந்தப் பக்கம் திருப்பியது.

“ஏன் ஒண்டியப்பண்ணே, இதுங்க ரெண்டும் சபைக்குப் போகுமா?” என்று கேட்டாள்.

“மூணேய்...”

“ஒண்ணு திரும்பவே மாட்டேங்குது. இன்னொண்ணு எல்லாப் பக்கமும் திரும்புது. மெல்லுறது என்னமோ ஒரே வைக்கோல்!”

ஒண்டியப்பனுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பந்தலில் ஏகாம்பரனார் முதலில் சிரித்தார். மழவராயர் மாட்டைப் பார்த்தார். மாடும் அவரைப் பார்த்தது.

“சிரித்துவிட்டான்!” என்று அரசர் எழுந்தார்.

சின்னாண்டி கையிலிருந்த மரக்காலைக் கீழே வைத்தார். அளந்த நெல் முழுவதையும் இரண்டு கையாலும் தள்ளிப் பழையபடி பொலியில் சேர்த்தார்.

“என்னய்யா செய்கிறாய்?”

“அளவு கலைஞ்சிருச்சுங்க சாமி. அளக்கையில யாராச்சும் சிரிச்சா பொலி கோவிச்சுக்கும். மொதல்லேர்ந்துதான் அளக்கணும்.”

அரசர் மறுபடி உட்கார்ந்தார். மறுபடி “லாபம்” என்று எழுந்தது குரல். சிலம்பாயி கவிராயரைப் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, பொலியின் மேல் ஒரு வெண்பாப் பாடத் தொடங்கினாள். முதல் அடிக்கு எதுகை தேடுவதற்குள் அவள் பாட்டில் வந்த எருமை அந்தப் பொலியில் பாதியைத் தின்று முடித்திருந்தது. நாலாவது மரக்காலில் களமே குலுங்கியது. சின்னாண்டி பெருமூச்சு விட்டு நெல்லைத் தள்ளினார்.

அடுத்த முறை சிலம்பாயி வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, இழவு வீட்டுக்கு வந்தவள்போல ஓரமாகக் குந்தினாள். அவ்வளவுதான் செய்தாள். அதைப் பார்த்து இந்தத் தடவை வெடித்துச் சிரித்தவர் அரசர்.

சின்னாண்டி அரசர் முகத்தைப் பார்க்காமலே நெல்லைத் தள்ளினார்.

“அடேய், நான் சிரித்தாலுமா?”

“பொலிக்கு ராசா, குடியானவன்னு தெரியாதுங்களே சாமி.”

வெயில் ஏறிவிட்டது. ஒரு மணி நெல்கூட அரசர் பக்கம் சேரவில்லை. சிலம்பாயி எழுந்து வந்து பந்தலுக்கு வெளியே நின்று கைகட்டினாள்.

“மகாராஜா, சிரிக்க வைக்கச் சொன்னீங்க. வெச்சுட்டேன். களத்துல அளந்து கொடுக்கிறவன் சிரிக்கக் கூடாது, சிரிக்கிறவன் அளந்து கொடுக்க முடியாது. இது நான் போட்ட சட்டம் இல்லீங்க. நாள் தவறாம நான் சேவகர்களோட களம் களமாப் போனா என்ன ஆகும்னு பாத்துக்குங்க. இப்ப வர்ற ஆறில் ஒண்ணும் வராது.”

அரசர் தலையைச் சொறிந்தார். மழவராயர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. சிலம்பாயியும் இத்தோடு முடிந்தது என்று நினைத்தாள்.

கவிராயர் விடுவதாக இல்லை. “தந்திரம், மன்னர்பிரானே! வேண்டுமென்றே அளவைக் கலைக்கிறாள். சிரிப்பே அறியாத ஒருவர் அளக்கட்டும். மழவராயரே மரக்காலைப் பிடிக்கட்டும். அவர் முகத்தைப் பார்த்தால் எவனுக்குச் சிரிப்பு வரும்? முதலில் ஆறில் ஒன்று முறைப்படி முடியட்டும். அதற்கு மேல் வாங்கும்போது இந்த அம்மாள் தன் சாமர்த்தியத்தைக் காட்டட்டும்!”

மழவராயர் மறுக்கவில்லை. எழுந்து, மேலாடையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார். சின்னாண்டியிடமிருந்து மரக்காலை வாங்கும்போது அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எந்த மரக்காலுக்காகச் சத்தியம் செய்தாரோ அதை அவர் கையால் தொடுவது அதுதான் முதல் தடவை என்பது சிலம்பாயிக்கு அப்போதுதான் உறைத்தது.

“லாபம்” என்றார் மழவராயர். கோயிலில் சொல்வதுபோல இருந்தது. களம் அடங்கிவிட்டது. மரக்கால் நிறைய அள்ளி, உள்ளங்கையால் விளிம்போடு தட்டி வழித்து, ஒண்டியப்பன் பக்கம் கொட்டினார். இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. யாரும் சிரிக்கவில்லை.

ஆறாவதை அள்ளினார். அதே போல உள்ளங்கையை வைத்து விளிம்போடு தட்டி வழித்தார். வழிந்த நெல் பொலியில் விழுந்தது. தலை தட்டிய மரக்காலை அரசர் பக்கம் கொட்டினார்.

முதலில் ஒண்டியப்பன்தான் சிரித்தான். பிறகு பக்கத்துக் களத்துக்காரர்கள். வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து அவன் மனைவியின் சிரிப்பும் கேட்டது. கேலிச் சிரிப்பு இல்லை அது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பந்தி பரிமாற வந்துவிட்டால் சிரிப்பார்களே, அந்த மாதிரி. சிலம்பாயி அன்றைக்கு அவ்வளவு பாடுபட்டும் அப்படி ஒரு சிரிப்பை வரவழைக்கவில்லை.

மழவராயர் மரக்காலோடு நிமிர்ந்தார். “ஏன் சிரிக்கிறீர்கள்? தவறாக அளந்துவிட்டேனா?”

சிரிப்பு பட்டென்று நின்றது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அளவு கலைந்துவிட்டது என்று நெல்லைத் தள்ளச் சின்னாண்டிக்கே மறந்துபோயிற்று.

“சின்னாண்டி, நீ சொல். என் அளவில் என்ன பிழை?”

“பிழையில்லீங்க எஜமான்.” சின்னாண்டி அரசர் பக்கத்து நெல்லைக் காட்டினார். “குடியானவன் மரக்காலுக்குத்தான் தலை தட்டுறதுங்க. ராசா மரக்காலுக்குத் தட்டுறதில்ல. நிக்கிற மட்டும் கூம்பாக் குவிச்சுத்தான் போடுறது. எஜமான் தட்டிட்டீங்களா... அதைப் பாத்ததேயில்லீங்க, அதான்.”

“எத்தனை காலமாக?”

“நான் மரக்கால் பிடிச்ச நாள்லேர்ந்துங்க. எனக்கு முன்னால எங்க அப்பாவும் அப்படித்தான்.”

சிலம்பாயிக்கு அந்தக் கூம்பைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கூத்தாடிகளுக்குக் கொடுக்கும் நெல்லைத் தட்டி வழித்துக் கொடுப்பார்கள். அரசர் நெல்லைக் குவித்துக் கொடுப்பார்கள். வானம் மேலே இருக்கிறது என்பதுபோல எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அது தெரியாத ஒருவர் நாட்டில் இருப்பார், அதுவும் இவராக இருப்பார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மழவராயருக்குச் சேர வேண்டியது வீட்டு வாசலுக்கே வண்டியில் வரும். சத்தியத்தைக் காத்தவர் சபையை விட்டு நகரவே இல்லை. காக்கிறோம் என்ற நினைப்பிலேயே, ஒவ்வொரு ஆறாவது மரக்காலிலும் அது உடைந்துகொண்டே இருந்திருக்கிறது.

அவர் முகத்தைப் பார்க்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பார்த்தாள். கீழுதடு கொஞ்சம் தொங்கி, கண்கள் எதையோ எண்ணத் தொடங்கி நடுவில் விட்டுவிட்டது போன்ற முகம். உள்ளங்கை மட்டும் மரக்காலின் விளிம்பை விடாமல் தடவிக்கொண்டிருந்தது.

“ஏகாம்பரம்” என்றார் மழவராயர். திரும்பிப் பார்க்கவில்லை. “உனக்குத் தெரியுமா?”

ஏகாம்பரனார் பந்தலில் எழுந்து நின்றார். “தெரியும் அண்ணா.”

“ஏன் சொல்லவில்லை?”

“சொன்னால் நீங்கள் தாங்கமாட்டீர்கள் என்று... பிறகு, அந்தக் கூம்பு இல்லாவிட்டால் அரண்மனை அடுப்பு எரியாது என்றும் தெரியும். இரண்டும்தான்.”

இதற்கு மழவராயர் கோபப்படுவார் என்று சிலம்பாயி காத்திருந்தாள். அவர் அரசரைப் பார்த்துத் திரும்பினார். “மகாராஜா, இன்று முதல் அரசர் மரக்காலுக்கும் தலை தட்ட வேண்டும். இல்லையென்றால் சபையில் என் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.”

அரசர் தன் தொந்தியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அந்தக் கூம்பெல்லாம் எங்கே போயிற்று என்று அவருக்கும் புரிந்துவிட்டது. “தட்டட்டும்” என்றார், கொஞ்சம் வருத்தமாகத்தான். “அரண்மனையில் பாயசம் ஒன்று குறையும்.”

இதைக் கேட்டு ஒண்டியப்பன் மறுபடி சிரிக்கத் தொடங்கினான். இந்தத் தடவை அவனால் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே ஒரு கூடையை எடுத்துப் பொலியிலிருந்து அள்ளி, அரசரின் நெல்லுக்குச் சற்றுத் தள்ளி வெறுந்தரையில் கொட்டினான். இன்னொரு கூடை. மனைவியும் ஓடி வந்து முந்தானையில் அள்ளிக் கொட்டினாள்.

“என்னப்பா இது?” என்றார் ஏகாம்பரனார்.

“கரைக்குங்க. உடைஞ்சா மொதல்ல போறது என் வீடுதானுங்களே? கேட்டா குடுக்க மாட்டோமா? அதையும் கூம்பு வெச்சே அள்ளிருவாங்களேன்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தோம்!” அவன் சிரிப்பு நிற்கவில்லை.

சின்னாண்டி பழக்கதோஷத்தில், அளவு கலைந்துவிட்டது என்று சொல்லக் கையைத் தூக்கினார். பிறகு கூடையைப் பார்த்தார். கையை இறக்கிவிட்டார். அளந்தால்தானே கலைவதற்கு.

“மகாராஜா, பாத்துட்டீங்களா?” என்றாள் சிலம்பாயி. “ஆறில் ஒண்ணுக்கு மேல, சிரிச்சுக்கிட்டே.”

“பார்த்துவிட்டேன்!” என்று அரசர் குதூகலித்தார்.

“அப்படியானால் அம்மாளைச் சேவகர்களோடு அனுப்ப வேண்டியதுதான்” என்று கவிராயர் உடனே முன்னால் வந்தார். “சிரிக்க வைத்தவர் களம் களமாகப் போவார் என்பதல்லவா பேச்சு?”

“ஆமாங்க, அதுதான் பேச்சு” என்று சிலம்பாயி பணிவாக ஒத்துக்கொண்டாள். “ஆனா நான் சிரிக்க வெச்சப்ப எல்லாம் நெல்லு பொலிக்கே திரும்பிப் போச்சு. அதை நீங்களே உக்காந்து பாத்தீங்க. நெல்லு வெளிய வந்தது யாரு சிரிக்க வெச்சப்ப? அவரைத்தான் அனுப்பணும்.” திரும்பி மழவராயரைக் கும்பிட்டாள். “கூட யோசனை சொன்னவரையும் அனுப்பலாம். இவரை மரக்கால் பிடிக்கச் சொன்னதே கவிராயர்தான்.”

அரசர் சிரித்த சிரிப்பில் பந்தல் கால் ஆடியது. போரடித்த மாடுகள் மிரண்டு இரண்டு பக்கம் இழுத்தன. “போகட்டும்! இருவரும் போகட்டும்! கவிராயர் கூடை தூக்கட்டும்!”

மழவராயர் போனார். மறுபேச்சுப் பேசவில்லை, அவருக்கு அது தண்டனையாகவும் இல்லை. ஊர் ஊராக, களம் களமாக மரக்காலைக் கையில் பிடித்தார். ஒவ்வொரு இடத்திலும் ஆறாவது மரக்காலுக்குத் தலை தட்டினார். ஒவ்வொரு இடத்திலும் ஜனங்கள் சிரித்தார்கள்; சிரித்து ஓய்ந்ததும் மறுபடி முதலிலிருந்து அளந்தார். முதலில் அந்தச் சிரிப்பு அவருக்குச் சுட்டது. போகப் போகப் பழகிவிட்டது என்று கூடவே போன சின்னாண்டி வந்து சொன்னார். எல்லா ஊரும் ஒண்டியப்பன் ஊராக இருந்துவிடவில்லை. சில ஊர்களில் அள்ளி அள்ளிக் கொட்டினார்கள். சில ஊர்களில் கைப்பிடி அளவு போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஏரியை விட்டுத் தள்ளியிருந்த ஒரு மேட்டு ஊரில் ஒன்றுமே கொடுக்கவில்லை. மழவராயர் அதற்கும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாராம். ஏகாம்பரனார் கரையிலேயே குடிசை போட்டுத் தங்கி, கூலி நெல்லைப் பிரித்துக் கொடுத்து, கல்லை இறக்கி வேலையை முடித்தார். ஐப்பசி பிறந்து, வானம் இருண்டு, ஏரி நிரம்பியது. கரை நின்றது.

அந்த மகிழ்ச்சிக்காக அரசவையில் ஒரு விருந்து. பாயசம் ஒன்று குறைவுதான். அரசர் சிலம்பாயியை அழைத்துத் தன் கழுத்திலிருந்த முத்து மாலையைக் கழற்றி அவள் கையில் போட்டார். சபை ஆரவாரித்தது.

“இது முன்பணம்தான்” என்றார் அரசர். அன்றைக்கு அவர் மிகுந்த சந்தோஷத்தில் இருந்தார். “ஏரிப் பாசனத்தில் உனக்கு ஒரு வயல் எழுதித் தரப் போகிறேன். அதற்கு முன்னால் ஒன்று செய்து காட்டு. களத்தில் மழவராயர் தலை தட்டிவிட்டு, ஏன் சிரிக்கிறீர்கள் என்று நின்றாரே, அந்த நிலையை! சபையில் பாதிப் பேர் அதைப் பார்க்கவில்லை.”

களத்தில் கூடை தூக்கித் தோள் பழுத்துப்போயிருந்த கவிராயர் முதல் ஆளாகக் கை தட்டினார். சபை முழுவதும் திரும்பி ஓரத்தைப் பார்த்தது. அங்கே மழவராயர் உட்கார்ந்திருந்தார். வெயிலில் கறுத்து இளைத்திருந்தார். நெல்லின் சுணை பட்டுப் பட்டு வெடித்திருந்த வலது கையை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார். அவர் எழுந்து போகவில்லை. வரப்போவதை வாங்கிக்கொள்ள உட்கார்ந்திருப்பவர்போல இருந்தார்.

ஏகாம்பரனார் சிலம்பாயியின் அருகே வந்து தணிந்த குரலில் பேசினார். “செய்துவிடு அம்மா. எனக்கும் அவர்மேல் பிரியம்தான். ஆனால் நாளைக்கு வேறொரு கரை உள்வாங்கும். அன்றைக்கு மறுபடி இவர் பக்கத்துப் பிடிவாதக்காரர்கள் எழுந்து சத்தியம், விளக்கு என்பார்கள். ஒரே ஒரு தடவை சபை இவரைப் பார்த்துச் சிரித்துவிட்டால் அதற்குப் பிறகு அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். யாருக்கும் காயமில்லை. நாட்டுக்கு நல்லது.”

அவர் சொன்னதில் பொய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவரிடம் உள்ள கஷ்டம்; எப்போதும் பாதி சரியாகச் சொல்வார்.

அந்த முகம் அவளுக்குள் ஏற்கெனவே இருந்தது. அவள் கற்றுக்கொள்ளவில்லை, களத்தில் பார்த்த அந்த நொடியிலேயே அது தானாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. எல்லா முகங்களும் அப்படித்தான் வரும். அரசர் கேட்டதும் உதட்டோரத்தில் அது அசைவதைக்கூட உணர்ந்தாள். கீழுதடு கொஞ்சம் தொங்கினால் போதும். கண் எண்ணத் தொடங்கி நடுவில் நின்றால் போதும். உள்ளங்கை தன் பாட்டுக்கு ஒரு விளிம்பைத் தேடும். சபை உருண்டு புரளும். அவள் செய்ததிலேயே சிறந்ததாக அதுதான் இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒரு விகடக்காரிக்கு அதைத் தெரிந்துகொண்டு நிற்பது, பசியோடு பந்திக்கு முன்னால் நிற்பதுபோல.

“ம், காட்டு!” என்றார் அரசர்.

சிலம்பாயி கையைத் தூக்கினாள். சபை சிரிப்பதற்கு ஆயத்தமாக மூச்சை இழுத்துப் பிடித்தது. தூக்கிய கையால் முகத்தை மெதுவாக ஒருமுறை துடைத்துக்கொண்டாள்.

“அது எனக்கு வரலீங்க மகாராஜா.”

“உனக்கா வரவில்லை? என்னைப் போல நடக்கிறாய், கவிராயரைப் போலக் கனைக்கிறாய், என் யானையைப் போலத் தும்முகிறாய்! ஒரு கிழவர் மரக்கால் பிடித்து நின்றது வராதா?”

“வராதுங்க.”

அரசர் சிரித்துக்கொண்டே காத்திருந்தார், இதுவும் விகடத்தில் ஒரு பகுதி என்று நினைத்து. சபையும் காத்திருந்தது. சிலம்பாயி முத்து மாலையை அவர் காலடியில் இருந்த பட்டு மெத்தையின் மேல் சத்தம் வராமல் வைத்தாள். கும்பிட்டாள். முதுகு காட்டாமல் பின்வாங்கி நடந்து தன் தூணருகே போய், தோளைச் சாய்க்காமல், நேராக நின்றுகொண்டாள்.